ஆபராவைக் கேட்டுச் சிரித்தவன்

பன்னிரண்டு வயதில் ஆபராவை, அதாவது பாடியே கதை நடத்தும் மேற்கத்திய இசைநாடகத்தை, பார்த்துச் சிரித்தேன். ஆசிரியர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார். உள்ளே மங்கலான திரையில் கத்திக்குத்து வாங்கிய ஒருவர் சாகாமல் பாடிக்கொண்டே இருந்தார். சிரிப்பு வராதா? ஒலிபெருக்கி வேறு கரகரத்தது. அதற்கு முந்தைய இரண்டு வகுப்புகளில் இசையமைப்பாளர்கள் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதி மனப்பாடம் செய்திருந்தோம். கலைக்கல்வி என்று அதற்குப் பெயர். அதன்பிறகு இருபது ஆண்டுகள் நான் ஆபரா இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பள்ளி மாணவர்களுக்கு ஆபராவை அறிமுகம் செய்வது பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு அந்த வராந்தாதான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அரங்குக்கு அழைத்துப்போவார்கள். பேசாதே, இருமாதே, நடுவில் கைதட்டாதே என்று வாசலிலேயே ஓதுவார்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். மறுநாள் கட்டுரை. இதற்கு அழைத்துப்போகாமலே இருக்கலாம். பார்க்க உட்காரவைப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஆபராவுக்குள் ஒரு வேலை கொடுங்கள். என் கட்சி இவ்வளவுதான்.

மேட்டுக்குடிக் கலை பிள்ளைகளுக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரே வரி: வெனிஸில் 1637-ஆம் ஆண்டிலேயே டிக்கெட் வாங்கிய எவரும் ஆபரா பார்க்க முடிந்தது.

பேசாதே, இருமாதே என்கிற அந்த அடக்க ஒடுக்கம் பிற்காலத்துச் சரக்கு. 1791-இல் வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில் இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஆபரா நடந்துகொண்டிருந்தது. பறவை பிடிக்கும் பாப்பகேனோவாக நடித்தவர் ஷிகானேடர். கதையை எழுதியவரும் அரங்கை நடத்தியவரும் அவரே. மேடையில் அவர் மணிகளை வாசிப்பதுபோல் பாவனை செய்வார். நிஜத்தில் வாசிப்பவர் திரைமறைவில் இருப்பார். ஒருநாள் மோட்சார்ட்டே பின்னால் போய் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்துகொண்டார். ஷிகானேடர் சற்று நிறுத்திய இடத்தில் மணிகளை உருட்டிவிட்டார். ஷிகானேடர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் மோட்சார்ட் சும்மா இருந்தார். ஷிகானேடரோ மேலே போக மறுத்து நின்றார். உடனே பின்னாலிருந்து மணி ஒலித்தது. ஷிகானேடர் தன் கையிலிருந்த கருவியை ஓர் அடி அடித்து, "வாயை மூடு!" என்றார். அரங்கே சிரித்தது. மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மோட்சார்ட் இதைச் சொல்லி மகிழ்கிறார். இந்த ஆபராவைத்தான் நாம் மூச்சுவிடாமல் பார்க்கச் சொல்கிறோம்!

சிறுவர்களுக்கு வேலை கொடுப்பது என்றால் எப்படி என்பதை ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் செய்து காட்டியிருக்கிறார். 1958-இல் இங்கிலாந்தின் ஆர்ஃபோர்டு தேவாலயத்தில் அரங்கேறியது அவருடைய ஆபரா 'நோயிஸ் ஃப்ளட்'. (பெயரில் நோய் இருக்கிறதே என்று அஞ்ச வேண்டாம், பைபிளில் பெருவெள்ளத்துக்குத் தப்பிய நோவாவின் பேழைக் கதைதான்.) நோவாவும் அவர் மனைவியும் கடவுளின் குரலும் மட்டும் பெரியவர்கள். நோவாவின் பிள்ளைகளும் விலங்குகளும் பறவைகளும் எல்லாம் சிறுவர்கள். வயலின் பகுதிகளைப் பிரிட்டன் தேர்ச்சிக்கு ஏற்பப் பிரித்து எழுதினார். கடைநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விரலே வைக்காமல் வெறும் தந்தியில் வில்லை இழுத்தால் போதும். நேற்று வயலினைத் தொட்டவனுக்கும் அங்கே இடம் உண்டு, அதுவும் ஒப்புக்குச் சப்பாணியாக அல்ல. முதல் மழைத்துளிகள் விழும் ஓசை வேண்டும் என்று பிரிட்டன் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவரோடு பணியாற்றிய இசைக்கலைஞர் இமோஜன் ஹோல்ஸ்ட் அவரைத் தன் சமையலறைக்கு அழைத்துப்போனார். பீங்கான் குவளைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, பெரிய மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். போர்க்காலத்தில் பெண்கள் குழுக்களுக்குத் தாளம் கற்றுக்கொடுத்த அனுபவம் ஹோல்ஸ்டுக்கு இருந்தது. ஊழிவெள்ளம் அந்தக் குவளைகளில்தான் தொடங்குகிறது. இதற்கு எந்தப் பள்ளிக்குப் பெரிய நிதி வேண்டும்?

இத்தாலியில் 'ஆபெரா தொமானி' என்ற திட்டம் இருக்கிறது. மாணவர்கள் சில பாடல்களை வகுப்பிலேயே கற்றுவந்து, அரங்கில் தங்கள் இருக்கையிலிருந்தபடியே பாடகர்களோடு சேர்ந்து பாடுகிறார்கள். தன் இடம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பிள்ளைக்குத் தூக்கம் வருமா?

திரையைவிட ஒரே ஒரு பாடகரை வகுப்பறைக்குள் கொண்டுவருவது மேல். ஆபராப் பாடகர்கள் வழக்கமாக மைக் இல்லாமல் பாடுகிறவர்கள். இசைக்குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வுகள்) வாக்கில் வலுவாக இருக்கும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஓர் எழுச்சி உண்டு. அத்தனை வாத்தியங்களையும் தாண்டி அந்தக் குரல் நம் காதுக்கு வருவது அதனால்தான். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பத்தடி தூரத்தில் நின்று கேட்டால் கதை வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிப் பட்டறையில் அப்படிக் கேட்டேன். தடித்த குரல்காரர் ஒருவர் வாயைத் திறந்ததும் முன்வரிசைப் பையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். பிறகு மெல்ல ஒரு காதை மட்டும் திறந்தான். பாட்டு முடிந்ததும், "உங்களுக்குத் தொண்டை வலிக்காதா?" என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. பையனின் கைகளை எடுத்துத் தன் விலாவின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். விலா விரிய, சின்னக் கைகள் இரண்டும் விலகின. பையன் சிரித்துவிட்டான்.

"இன்னொரு தடவை" என்றான்.