சிங்கப்பூர் என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து?

அண்ணன் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான். அடுத்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல். ஆனால் இணையத் தொழில்நுட்பம் பக்கம் மட்டும் போகாதே என்று வீட்டில் எல்லாரும் அவனுக்கு ஓதியிருக்கிறார்கள். போன ஞாயிறு தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வெப்சைட் செய்யிறதெல்லாம் இனிமே ஏஐ பாத்துக்கும் அத்தை, அதுல படிக்க என்ன இருக்கு?" என்றான். 20 வருடமாக நான் பார்ப்பது அந்த வேலைதான். அன்று பாதியில் விட்ட பதிலை இங்கே எழுதி முடிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நான்கு மொழியில் ஓர் அறிவிப்புப் பக்கம் செய்தேன். நாட்டின் பெயருக்கான பெட்டியில் 10 குறிக்கு மேல் ஏறாது என்று எல்லை வைத்தேன். ஆங்கிலத்தில் 9 எழுத்து, தமிழில் 6, தாராளமாக அடங்கும் என்பது என் கணக்கு. பக்கம் வெளியான அன்று அப்பா கைப்பேசியில் கூப்பிட்டார். "ஏம்மா, கடைசி ரகரத்துக்குப் புள்ளி எங்க?" 'சிங்கப்பூர' என்று நின்றது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் தரும் பொது முறை யூனிகோடு. அதில் 'சி' என்பது ஒரு குறியீடு அல்ல. சகரம் ஒன்று, அதன் மேலேறும் இகரக் குறி இன்னொன்று. புள்ளிக்கும் தனிக் குறியீடு. அப்படி எண்ணினால் சிங்கப்பூர் என்பது 11. அந்தக் குறியீடுகளைக் கணினியில் யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் இடம் பிடிக்கும், ஆக 33. அந்தப் பதினோராவது குறியீடுதான் என் அப்பா தேடிய புள்ளி. 'கொ' இன்னும் சிக்கல். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். பட்டியலில் கொழும்பு இருக்கும், தேடினால் கிடைக்காது.

ஏஐயை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். எல்லை 10 என்று சொன்னால் 10 என்றே எழுதித் தரும். 10 போதாது என்று அதனிடம் சொல்ல, அந்தப் புள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

இந்த வேலைக்கு நம் ஊரிலேயே முன்னோடிகள் இருக்கிறார்கள். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவர். கணினி அறிவியல் பட்டம் பெற்று இதற்குள் வந்தவர் அல்லர். கணியன் என்று எழுத்துருவும் தட்டச்சு முறையும் உருவாக்கினார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயோ உயிர்வேதியியல்காரர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழியிலும் இணையத்தில் ஏறியதில் இவர்கள் இருவருக்கும் பங்கு உண்டு. யூனிகோடு தமிழ் நம் கைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. ஒருவர் எழுத்துருவில் அனுப்பியது இன்னொருவர் திரையில் கிறுக்கலாக வரும். 1997 மே மாதம் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு இங்கேதான் நடந்தது. இரண்டே வருடத்தில், 1999இல், கோவிந்தசாமி காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாமலேயே கணினி அறிவியல் படித்து முடிக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேலை விளம்பரங்களைப் பார்த்துப் பயப்படாதே என்றும் அவனிடம் சொன்னேன். அவற்றில் கருவிகளின் பெயர்கள்தான் வரிசையாக இருக்கும், அவை மாறிக்கொண்டே இருக்கும். வலைப்பக்கங்களில் அசையும் படங்கள் செய்ய உதவிய ஃபிளாஷ் என்ற மென்பொருளில் நான் 4 வருடம் உழைத்தேன். 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதற்கு ஆதரவை நிறுத்தியது. ஆனால் வலைத்தளம் என்பதையே உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுதிய பக்கம் இன்றைய கைப்பேசியிலும் திறக்கிறது. பக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல், அதைக் கொண்டுவந்து சேர்க்கும் ஹெச்டிடிபி, எழுத்துக் குறியீடு ஆகிய மூன்றையும் ஆழமாகப் படித்ததால்தான் ஃபிளாஷ் போன பிறகும் எனக்குச் சோறு கிடைக்கிறது.

செய்யாத வேலையும் நிறைய மீதி இருக்கிறது. இணைய முகவரியின் முடிவில் '.sg' என்பதுபோலத் தமிழில் '.சிங்கப்பூர்' என்று போடும் வசதி 2011இலேயே கிடைத்துவிட்டது. இன்றுவரை ஒரு கடைப் பலகையில்கூட நான் அதைப் பார்த்ததில்லை. தமிழில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் இன்னும் உண்டு. அந்தப் படிவங்களைச் செய்பவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போதெல்லாம் நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, சிங்கப்பூர் என்பதன் நீளம் என்ன என்பதுதான். 6 என்றாலும் சரி, 11 என்றாலும் சரி, 33 என்றாலும் சரி. எதற்காக அந்த எண் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

நேற்று இரவு அண்ணன் மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். உலாவியில் அவனே இரண்டு 'கொ'வையும் போட்டு ஒப்பிட்டிருக்கிறான். சமமில்லை என்று வந்திருக்கிறது. கீழே, "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா அத்தை?"