அந்த வட்டம் ரவுண்டானா அல்ல

‘ஒரே ஒரு தானியங்கி கார் போதும், ரவுண்டானாவில் நெரிசலே இருக்காது’ என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. வீடியோவில் தெரியும் சோதனை உண்மை. கூட வரும் வரிதான் தப்பு.

அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த சோதனை அது. சுமார் 20 கார்கள் ஒற்றை வரிசையில் வட்டமடித்தன. காரணமே இல்லாமல் பிரேக் போடுவதும் நகர்வதுமாக இருந்த வரிசையை, சீரான வேகத்தில் போன ஒரு தானியங்கி கார் நிதானப்படுத்தியது. சரி, ஆனால் அந்த வட்டத்துக்குள் யாரும் புதிதாக நுழையவில்லை, வெளியேறவும் இல்லை. ரவுண்டானாவில் தாமதமே நுழையும் இடத்தில்தான். அங்கே தானியங்கி கார் பெரிய இடைவெளி கிடைக்கட்டும் என்று காத்து நின்றால், பின்னால் வரிசை நீளவே செய்யும்.

அந்தச் சோதனை பற்றி 2018-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் அர்க்ஸைவ் (arXiv) தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வரியோடு வரும் வீடியோவை இனி யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள்.