திரையை இழுத்துவிட்டுக் கேளுங்கள்

அண்ணன் மகளுக்குப் போன மாதம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், "அங்கேயா சேர்த்தீர்கள்? படிக்கிற பிள்ளைகள்தானே வந்து பார்ப்பார்கள்?" என்று முகத்தைச் சுளித்தார்கள். அந்தக் கேள்வியில் பாதி அபத்தம், பாதி நியாயம்.

அபத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். ஒன்பதாம் மாதத்தில் அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கிவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பார்த்த மாத்திரத்தில் 108-ஐ அழைத்துவிட்டார். மணி இரவு பதினொன்று. அந்த நேரத்தில் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், இரத்த வங்கி, பச்சிளம் குழந்தைகள் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் விழித்திருக்கும் இடம் நம் பக்கத்தில் வேறு எது? சிறிய நர்சிங் ஹோம் என்றால் மயக்க மருந்து டாக்டர் எங்கே இருக்கிறார் என்று தொலைபேசியில் தேடவேண்டும். அந்தப் "படிக்கிற பிள்ளைகள்" தூக்கம் இல்லாமல் வார்டில் நிற்பதால்தான் கல்லூரி மருத்துவமனைக்கு இரவு என்பதே இல்லை. தருமபுரிக்கு 2008-லும் கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியிலும்தான் மருத்துவக் கல்லூரி வந்தது. என் அம்மா காலத்தில் பிரசவம் சிக்கல் என்றால் சேலத்துக்குத்தான் போகவேண்டும். தொப்பூர் கணவாயில் வண்டி குலுங்கிக் குலுங்கி இறங்கும்போது உள்ளே கிடந்தவள் என்ன பாடுபட்டாள் என்று அம்மாவின் தங்கை இன்றைக்கும் சொல்லி அழுவார்.

இனி நியாயமான பாதி. எனக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில். இரண்டாவது, பல ஆண்டுகளுக்கு முன், கணவர் வேலை பார்த்த வெளியூரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம். வலி பிடித்து விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் வந்தார், பின்னால் ஒரு கூட்டம் வந்தது. திரை பாதிதான் மூடியிருந்தது. ஒருவர் கைவிட்டுப் பார்த்தார், கருப்பை வாய் எத்தனை விரல் அகலம் திறந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவரும் சரிபார்த்தார். பிறகு இன்னொருவர். ஐந்து வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு நான் படுக்கை எண். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை, மகன் நல்லபடியாகப் பிறந்தான். அதனாலேயே இதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், அப்புறம் என்ன?" என்பார்கள்.

பெண்களின் இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்பவர்கள் வியன்னாவின் கதையைப் படிக்கவேண்டும். 1840-களில் அந்த நகரத்துப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் செத்த தாய்மார் மிக அதிகம். ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. அந்தப் பிரிவில் மட்டும் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சினார்கள். பிணத்தை அறுத்துப் பாடம் படித்த அதே கைகளோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று 1847-இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் சொன்னார், சாவு மளமளவென்று குறைந்தது. கெஞ்சிய பெண்களுக்குக் காரணம் தெரியாது. ஆனால் ஆபத்து எங்கே என்று சரியாகவே தெரிந்திருந்தது.

இன்று கையுறை வந்துவிட்டது, கணக்கு மாறிவிட்டது. இருந்தாலும் உள்சோதனையின் எண்ணிக்கை கூடக் கூடக் கிருமித் தொற்றுக்கும் இடம் கூடுகிறது. வலி நன்றாக வந்தபின், எல்லாம் இயல்பாக இருந்தால், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லியிருக்கிறது. ஆளுக்கு ஒரு முறை என்று எங்கும் சொல்லவில்லை.

மாணவர்களே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் கொள்ளி. அஞ்செட்டியிலோ சித்தேரி மலையிலோ நாளை நடுராத்திரியில் தனியாக ஒரு பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவர் இன்றைக்கு யாரோ ஒருத்தியிடம்தான் கற்றாகவேண்டும். கற்கட்டும். கேட்டுவிட்டுக் கற்கட்டும். நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி ஒப்புதல் கேட்பது என்பதெல்லாம் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சேர்க்கும்போது படிவத்தில் வாங்கும் கையெழுத்தை இதற்கும் சேர்த்து ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படிவத்தின் தமிழ் எனக்கே இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது.

அண்ணன் மகளிடம் வந்தது ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண். திரையை முழுதாக இழுத்துவிட்டு, "அக்கா, நான் பார்க்கலாமா? கூட இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் பார்க்கலாமா?" என்று கேட்டாள். நான் பக்கத்தில் பிரசவத் துணையாக நின்றிருந்தேன். இவள் வலியோடு வலியாக, "நீங்கள் மட்டும் பாருங்கள்" என்றாள். மாணவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் நின்றார்கள். இந்தக் கதையைக் கேட்டதும் அண்ணி பதறிவிட்டார். "டாக்டரிடம் போய் மாட்டேன் என்பாயா? கோபித்துக்கொண்டு பார்க்காமல் விட்டால் என்ன செய்வாய்?"

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அதே பெண், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது எப்படிப் பிடிக்கவேண்டும் என்பதை மாணவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டு வந்தாள். இந்த முறை இவளே, "வரச் சொல்லுங்கள்" என்றாள். வந்தவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டாள். ஒருவர் ஊத்தங்கரை, ஒருவர் மதுரை. மதுரைக்காரருக்குக் குழந்தையை எந்தக் கையில் வாங்குவது என்றே தெரியவில்லை. அண்ணிதான் சொல்லிக்கொடுத்தார்.