ஏழு ஃபேன் கேபினட்டும் மே மாசத்துச் சென்னையும்

புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன்னு யார் வந்து கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். ஃபேனை எண்ணிப் பார்த்து கேபினட், அதாவது கம்ப்யூட்டர் பெட்டி, வாங்காதீங்க. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதுக்குப் பின்னாடி கலர் கலரா மூணு ஃபேன், மேல மூணு, பின்னாடி ஒண்ணு. சென்னையில கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச ரிச்சி தெருவுல கண்ணை முதல்ல இழுக்கிறது இதுதான். "அண்ணே, ஏழு ஃபேன், ஹீட்டே ஆகாது"ம்பாங்க. அந்தக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவுல விரலை விட்டுப் பாருங்க. சுண்டு விரல்கூட நுழையலைன்னா அந்த மூணு ஃபேனும் மூக்கைப் பொத்திக்கிட்டு மூச்சு இழுக்குற கதைதான். சுத்தும், சத்தம் போடும், காத்து மட்டும் வராது.

முகப்பு வலையா இருக்கிற கேபினட் பார்க்க அவ்வளவு அழகா இருக்காது, ஒத்துக்கறேன். ஆனா அதுல முன்னாடி ரெண்டு 140 மி.மீ. ஃபேன் உள்ள இழுக்க, பின்னாடி ஒரு 120 வெளிய தள்ள, பெரும்பாலான வீட்டு மெஷினுக்கு இது போதும். வெளிய போறதைவிட உள்ள வர்ற காத்து கொஞ்சம் கூடுதலா இருக்கணும். அப்பதான் மிச்சக் காத்து இடுக்கு வழியா வெளிய போகும். தலைகீழா இருந்தா எல்லா இடுக்கு வழியாவும் தூசி உள்ள வரும், ஃபில்டர் போட்டும் பிரயோஜனம் இல்ல. "சூடான காத்து மேலதானே போகும், அதனால மேல நிறைய ஃபேன் போடணும்"னு ஒரு வாதம் எப்பவும் வரும். ஃபேன் தள்ளுற வேகத்துக்கு முன்னாடி அந்த இயற்கையான எழும்புதல் ஒண்ணுமே இல்ல. மேல முன்பக்கமா மாட்டுற ஃபேன், இப்பதான் உள்ள வந்த குளிர்ந்த காத்தை, பிராசஸர் மேல உட்கார்ந்து அதோட சூட்டை இறக்குற கூலர்கிட்ட போறதுக்கு முன்னாடியே வெளிய தள்ளிடும்.

சத்தத்துக்கு வர்றேன். இதுல ஒரு கணக்கு தெரிஞ்சா பாதிப் பிரச்சினை தீரும். ஃபேன் வேகத்தை 1500ல இருந்து 1000 சுற்றுக்குக் குறைச்சா சத்தம் ஏறத்தாழ 9 டெசிபல் இறங்கும். காத்து மூணுல ஒரு பங்குதான் குறையும். அதே மாதிரி ஃபேன் இன்னும் ரெண்டு சேர்த்து மூணா ஓட்டினாலும் சத்தம் 5 டெசிபல்தான் ஏறும். அதாவது 1000ல ஓடுற மூணு ஃபேன், 1500ல கத்துற ஒத்தை ஃபேனைவிட அமைதி, காத்தும் அதிகம். ஆக நிறைய ஃபேன் தப்பில்ல, வழி இருந்து மெதுவா ஓடினா. வழி அடைச்ச கேபினட்டுல மெதுவா ஓட்டவே முடியாது, அதுதான் சிக்கல்.

ஆனா ஆளைக் கடுப்பேத்துறது சத்தத்தோட அளவுகூட இல்ல, ஏறி ஏறி இறங்குறதுதான். பிரவுசர்ல ஒரு டேப் திறந்ததும் பிராசஸர் 45 டிகிரியில இருந்து 65க்கு ஒரு தாவு தாவும். உடனே எல்லா ஃபேனும் "உய்ய்ய்"னு எழும்பும், ரெண்டு செகண்ட்ல அடங்கும், திரும்ப எழும்பும். மதர்போர்டு பயாஸுக்குள்ள (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்குற செட்டிங் பக்கம்) போய் ஃபேன் கர்வைப் பாருங்க, எந்தச் சூட்டுக்கு ஃபேன் எவ்வளவு வேகம்னு காட்டுற கோடு அது. 60 டிகிரி வரைக்கும் கோடு மட்டமா கிடக்கட்டும், அதுக்கப்புறம் சாவகாசமா ஏறட்டும். 'ஸ்டெப் அப்' நேரம்னு ஒண்ணு இருக்கும், சூடு ஏறினதும் ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கிற நேரம், அதைச் சில செகண்டுக்கு நீட்டி வைங்க. கனெக்டர்ல மூணு பின் (pin) மட்டும் இருக்கிற ஃபேனை பி.டபிள்யூ.எம். மோடுல (நாலாவது பின் வழியா சிக்னல் அனுப்பி வேகத்தை மாத்துற முறை) விட்டா எப்பவும் முழு வேகத்துலதான் ஓடும், அதை டி.சி.க்கு (வோல்டேஜைக் கூட்டிக் குறைச்சு வேகத்தை மாத்துற முறை) மாத்துங்க. காசில்லாத வைத்தியம் இது, ஆனா பண்றவங்க ரொம்பக் குறைவு.

வெளிநாட்டு யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துட்டு "அவனுக்கு பிராசஸர் சூடு 66தான் காட்டுது, எனக்கு ஏன் 80?"ன்னு பதறுறவங்களுக்கு: அவங்க அறை 21 டிகிரி. உங்க அறை மே மாசம் மத்தியானம் 35. ரெண்டுலயும் கூலர் செய்யுற வேலை ஒண்ணுதான், அறையைவிட 45 டிகிரி மேல நிறுத்தியிருக்கு. 80 ஆபத்தும் இல்ல. ஏ.எம்.டி. கம்பெனியோட ரைசன் 7000 பிராசஸர் வரிசையில சில சிப்பு முழு வேலையில 95 வரைக்கும் போற மாதிரியேதான் வடிவமைச்சிருக்காங்க.

இதையெல்லாம் சரியா செஞ்சுட்டு, கடைசியில மெஷினைக் கம்ப்யூட்டர் டேபிளோட அந்த மரப்பெட்டிக்குள்ள தள்ளி வைப்பாங்க பாருங்க! பின்னாடி பலகை, வயர் போக ஒரு ஓட்டை மட்டும். வெளிய தள்ளின சூட்டையே திரும்ப இழுத்துக்கிட்டு கிடக்கும். பலகையைக் கழட்டுங்க, இல்ல மெஷினை வெளிய எடுங்க. அதே அறையில கொசுவத்தியும் ஊதுவத்தியும் எரிஞ்சா படியுற தூசி பிசுபிசுன்னு ஃபில்டர்ல அப்பிக்கும், ஊதினா போகாது. சோப்புத் தண்ணியில அலசி நல்லா காய வச்சு மாட்டணும். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால பிடிச்சுக்குங்க, தாறுமாறா சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

இவ்வளவுக்கும் மேல ஒண்ணு உண்டு. அறையோட சூட்டுக்குக் கீழ எந்த ஃபேனாலயும் கொண்டுபோக முடியாது. மெஷின் இழுக்கிற 400 வாட்டும் கடைசியில அறைக்குள்ள சூடாத்தான் கொட்டும். அதனால ஏ.சி. இல்லாத அறையில கேம் ஆடுறவங்க இன்னொரு ஃபேனுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிச்சுக்கிட்டு, கிராபிக்ஸ் கார்டோட பவர் லிமிட்டை (அது இழுக்கிற கரண்டுக்கான உச்சவரம்பு) 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்க. ஆட்டத்துல வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, கார்டு ஃபேன் சத்தம் நல்லாவே அடங்கும்.