இவான் டெனிசோவிச் கதை கடத்தப்பட்ட கதை அல்ல

ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ சோவியத் நாட்டில் அச்சாகவே இல்லை, கையெழுத்துப் பிரதியைக் கடத்திப்போய் மேற்கில்தான் வெளியிட்டார்கள் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

அந்தக் குறுநாவல் 1962 நவம்பரில் மாஸ்கோவின் ‘நோவி மிர்’ இதழில் வெளிப்படையாக வந்தது. சோல்செனித்சின் அப்போது ரியாசான் நகரில் பள்ளி ஆசிரியர். யாருக்கும் தெரியாத பெயர். ஸ்டாலின் கால உழைப்பு முகாமில் இருக்கும் கதைநாயகனின் கைதி எண்ணான ‘ஷ்சா-854’ என்பதையே தலைப்பாக வைத்திருந்தார். இதழாசிரியர் த்வார்தோவ்ஸ்கி படித்ததும் அதை விடவில்லை. வழக்கமான தணிக்கை வழியில் போனால் நின்றுவிடும் என்று தெரிந்து, நேராகச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் வரை கொண்டுபோனார். ஸ்டாலின் காலத்தைக் கண்டித்துக்கொண்டிருந்த குருஷ்சேவுக்கு அது பொருந்தியது, அனுமதி கிடைத்தது. அந்த இதழாசிரியரின் பிடிவாதத்தைத்தான் இந்தப் பொய்ச் செய்தி அழித்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம். 1963இல் நாவல்களை வெளியிடும் ‘ரோமன் கஸேத்தா’ இதழ் மட்டுமே இந்தக் கதையைச் சுமார் 7 லட்சம் பிரதிகள் அச்சிட்டது.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்தது? இன்னொரு ரஷ்ய எழுத்தாளரான பாஸ்தர்நாக்கின் ‘டாக்டர் ஷிவாகோ’ நாவல் 1957இல் இத்தாலியின் மிலானில்தான் முதலில் வந்தது. சோவியத் உழைப்பு முகாம்களைப் பற்றிய சோல்செனித்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ 1973 இறுதியில் பாரிஸில். அந்த இரண்டின் கதையையும் இதன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

தடை பின்னால் வந்தது உண்மை. 1964இல் குருஷ்சேவ் பதவி இழந்தார். அப்புறம் கதவுகள் மூடின. 1974 பிப்ரவரியில் சோல்செனித்சினை நாடு கடத்தினார்கள், நூலகங்களிலிருந்து இந்தப் புத்தகத்தையும் அகற்றினார்கள்.