பூவுக்குப் பின்னால் கறுப்புத் துணி வேண்டாம்

பூக்களை நெருங்கிப் படம் எடுக்கும் நண்பர்களே, செடிக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட் துணியைப் பிடிப்பதை விட்டுவிடுங்கள். அந்தத் துணிக்கு முன்னால் இருக்கும் செங்காந்தள் எந்த ஊரிலும் பூத்திருக்கலாம். திருப்பூர் மாவட்டத்து மூலனூர்க் காந்தளுக்குப் பின்னால் கிளுவை வேலி இருக்கிறது, செம்மண் இருக்கிறது, பனை நிற்கிறது. அவை வெறும் நிறமாகக் கரைந்து தெரிந்தாலே எனக்குப் போதும்.

கரைப்பதற்காக அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப் 2.8 வரை அகலத் திறக்கிறார்கள். காந்தளுக்கு அது ஒத்துவராது. இதழ்கள் மேல்நோக்கி மடிந்து நெளிய, மகரந்தத் தாள்கள் நாலாபுறமும் நீள்கின்றன. ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கிவிடும். நான் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8, சில நேரம் 11 வைக்கிறேன். பின்னணியை மங்கச் செய்வது தூரத்தின் வேலை. பூவுக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும் இலை கோடு கோடாகக் கண்ணை உறுத்தும். 20 அடி தள்ளி இருக்கும் வேலி பச்சைப் புகையாகிவிடும். ஆகவே முதலில் பின்னணியைத் தேடுகிறேன். பூவைத் தேர்வது அதற்குப் பிறகுதான்.

வெயில்தான் பெரும்பாடு. நேர் வெயிலில் சிவப்பு அப்பிக்கொண்டு இதழின் நரம்புகள் மறைந்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும். ஒருமுறை மைத்துனரை வெள்ளை வேட்டியைப் பந்தல்போலப் பிடிக்கச் சொன்னேன். பூவின் மேல் வெளிச்சம் மென்மையானது, ஆனால் வெயிலில் கிடந்த செம்மண் பின்னால் வெளுத்துப்போனது. பூவை நிழலுக்குள் கொண்டுவந்தால் பின்னணியும் நிழலில் இருக்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. சுற்றிப் போய், வேப்பமர நிழல் பின்னால் வரும்படி உட்கார்ந்தேன். தலை கவிழ்ந்த பூவின் அடிப்பக்க இருட்டுக்குத் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தரையில் ஒரு தெர்மாகோல் பலகை போதுமானதாக இருந்தது.

கறுப்பே வேண்டுமென்றால் அதையும் நிழலிடம் கேளுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவைக் காலை வெயிலுக்கு எதிராகப் பாருங்கள். பின்னால் கிணற்றுச் சுவரின் நிழல் இருந்தால், அதன் பஞ்சு ஒவ்வொரு இழையாக ஒளிரும்.

துணிக்கு நேராக வரவேண்டுமென்று காந்தள் கொடியை வளைத்துக் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது விதைக்காக வளர்க்கும் பயிர். விவசாயிகள் விடியலில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பிடிக்க வைக்கிறார்கள். நாம் ஒடிக்கும் ஒவ்வொரு காம்பும் அவர்களுக்கு ஒரு காய்.