பிரயுத்தின் கணக்கு: 376-ல் 250

2014 மே 22 அன்று டாங்கிகளோடு ஆட்சியைப் பிடித்தவர் என்ற ஒரு வரியோடு, ராணுவத் தளபதியாக இருந்து தாய்லாந்தின் பிரதமரான பிரயுத் சான்-ஓ-சாவை முடித்துவிடக் கூடாது. டாங்கியை வைத்து ஆட்சியைப் பிடிக்கலாம், ஒன்பது வருஷம் நாற்காலியில் உட்கார முடியாது. அதற்கு அவர் நம்பியது சட்டப்பிரிவுகளை.

2017 அரசியல் சாசனத்தின் 272-ஆம் பிரிவைப் பாருங்கள். முதல் ஐந்து வருஷத்துக்குப் பிரதமரைக் கீழவையின் 500 பேரும் செனட்டின் 250 பேரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். தேவை 376 ஓட்டு. அந்த 250-ல் 194 பேர், ஆட்சியைப் பிடித்த பிரயுத்தின் ராணுவக் குழுவே பொறுக்கி எடுத்தவர்கள். 50 பேர், தொழில்வாரியாகத் தேர்வான 200 பேரிலிருந்து அதே குழு எடுத்தவர்கள். மிச்சம் 6 இடம் படைத் தளபதிகளுக்கும் போலீஸ் தலைவருக்கும் பாதுகாப்புத் துறைச் செயலருக்கும். ஆக, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் 126 பேர் போதும் பிரயுத்துக்கு. எதிரணிக்கு முழு 376-ம் வேண்டும்.

இதை மக்களே ஏற்றார்களே என்பவர்கள் 2016 ஆகஸ்ட் 7 வாக்கெடுப்பின் இரண்டாவது கேள்வியைப் படிக்க வேண்டும். சீர்திருத்தம், தேசிய வியூகம் என்று நீட்டி, பிரதமரை இரு அவைகளின் கூட்டு அமர்வு தேர்வு செய்யலாமா என்று முடியும். அந்த இரண்டில் ஒன்று நியமன அவை என்பது கேள்வியில் இல்லை. சாசனத்தை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்தவர்களைப் பிடித்துப் போட்டார்கள். அந்த வாக்கெடுப்புச் சட்டத்தில் தண்டனை 10 வருஷம் வரை. இதை மக்கள் சம்மதம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

2019 தேர்தலில் வாக்காளருக்கு ஒரே ஓட்டு. தொகுதிக்கும் கட்சிப் பட்டியலுக்கும் அதுவே கணக்கு. தொகுதிகளில் அதிகம் ஜெயித்தால் பட்டியல் இடம் குறையும். எதிரணியின் பெரிய கட்சி பியூ தாய் 136 தொகுதிகளை வென்றது, பட்டியலில் பூஜ்யம். ஓர் இடத்துக்குச் சுமார் 71,000 ஓட்டு என்ற நிலையில், அதைக்கூட எட்டாத பத்துக்கும் மேற்பட்ட குட்டிக் கட்சிகளுக்கு ஆளுக்கோர் இடம் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவை பிரயுத் பக்கம் போயின. ஜூன் 5 அன்று பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் அவருக்கு 500, எதிரணி வேட்பாளர் தனத்தோர்னுக்கு 244. செனட்டில் 249 பேர் அவருக்கே போட்டார்கள். விலகி நின்றவர் அவைத் தலைவர் ஒருவர்தான்.

அப்புறம் எங்கே சறுக்கியது? 2021-ல் இரட்டை ஓட்டு முறை திரும்பியது, பட்டியல் இடங்கள் 150-லிருந்து 100 ஆயின, குட்டிக் கட்சிகளின் வழி அடைபட்டது. ஒருவர் எட்டு வருஷத்துக்கு மேல் பிரதமராக இருக்கக் கூடாது என்ற உச்சவரம்பு வழக்கில் 2022 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் 6-க்கு 3 என்று, சாசனம் அமலுக்கு வந்த 2017 ஏப்ரலிலிருந்து எண்ணச் சொன்னது. பதவி தப்பியது உண்மை. ஆனால் 2025-க்கு மேல் இருக்க முடியாதவருக்கு 2023-ல் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை. பழைய ராணுவத் தோழர் பிரவித்தோடும் பிரிவு. ராணுவ ஆதரவு ஓட்டு இரண்டாக உடைந்து, இவர் கட்சிக்கு 36, அவர் கட்சிக்கு 40. சீர்திருத்தம் கேட்ட எதிரணிக் கட்சி மூவ் ஃபார்வர்டுக்கு 151.

ஜூலை 11 அன்று பிரயுத் அரசியலை விட்டு விலகுவதாக அறிவித்தார். இரண்டே நாளில் நடந்த பிரதமர் வாக்கெடுப்பில் மூவ் ஃபார்வர்டு தலைவர் பீட்டா கீழவையில் 311 ஓட்டு வாங்கினார். செனட்டிலிருந்து வந்தது 13. 376 எட்டவில்லை. பிரயுத் இல்லாமலே அவர் போட்ட பூட்டு வேலை செய்தது, அந்த செனட்டின் பதவிக்காலம் முடிந்த 2024 மே வரை.